கர்னல் ஆல்காட்டின் பஞ்சமர் பள்ளிகள்: எவ்வளவு படித்தால் போதும்?

பெசன்ட் நகர்க் கடற்கரையிலிருந்து அடையாற்றின் கழிமுகத்தை நோக்கி வடக்கே நடந்தால், ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என்று இரண்டு மீனவக் குடியிருப்புகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. 2015-இல் அங்கே நடந்த விழாவுக்குப் பின் இப்பெயர்களைச் செய்தித்தாள் வாசகர்கள் பலரும் அறிந்துகொண்டார்கள். ஊரூர் என்பது பழைய ஊர்ப்பெயர். மற்றொன்று அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் பிறந்த ஒரு கர்னலின் பெயர். அந்த மனிதர் அக்கடலில் வலை வீசியதும் இல்லை, மீனவர்க்கென்று தனியாக எதுவும் செய்ததாகச் சொல்லப்படுவதும் இல்லை. அவர் தொடங்கியது பக்கத்தில் இருந்த பறையர் சேரியின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம். ஆண்டு 1894.

அந்தப் பள்ளியையும், அதைத் தொடர்ந்து வந்த வேறு நான்கு பள்ளிகளையும், அவற்றை நடத்தியவர்களையும் பற்றித் தமிழில் எழுதப்பட்டது சொற்பம். அயோத்திதாசரின் எழுத்துக்கள் 1999-இல் ஞான. அலாய்சியஸின் தொகுப்பாக வெளிவந்த பிறகு ஆல்காட்டின் பெயர் மீண்டும் பேச்சில் அடிபடத் தொடங்கியது. ஆனால் அதுவும் பெரும்பாலும் பௌத்தத்தை முன்னிட்டுத்தான். பள்ளிக்கூடங்கள் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டன. எனக்கு என்னவோ அந்த அடிக்குறிப்புதான் முக்கியமாகப் படுகிறது. கடல் கடந்து வந்த பணத்தில், கடல் கடந்து வந்த சிலர், ஒரு சேரியின் குழந்தைகளுக்கு எழுத்தறிவிக்க முனைந்தார்கள். அந்தக் குழந்தை எவ்வளவு படிக்கலாம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. (அக்கால ஆவணங்களில் வழங்கிய பறையர், பஞ்சமர் முதலிய சொற்களை வரலாற்றுத் தேவை கருதி அப்படியே பயன்படுத்துகிறேன்.)

முதலில் இடம். இன்று அடையாறு சென்னையின் நடுப்பகுதி போலத் தோன்றுகிறது. 1890-களில் ஆற்றுக்குத் தெற்கே இருந்ததெல்லாம் பட்டணத்துக்கு வெளியே. 1840-இல் கட்டப்பட்ட எல்பின்ஸ்டன் பாலத்தைத் தாண்டினால் செங்கற்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை வட்டம். சவுக்குத் தோப்புகளும் தென்னந்தோப்புகளும் ஐரோப்பியரின் தோட்டவீடுகளும் சில கிராமங்களும். தாம்பரத்தில் ரயில் நிலையம் இருந்தது, புறநகர் இல்லை. பிரம்மஞான சபையினர் 1882-இல் ஆற்றங்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறியபோது அவர்கள் குடியேறியது ஒரு கிராமப்புறத்தில்.

அந்தச் செங்கற்பட்டு மாவட்டம் 1891-இல் அரசாங்கத்தின் கவனத்துக்கு வந்தது. மாவட்டக் கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர், பறையர்களின் நிலை குறித்து ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மை, கடன், மிராசுதாரர்களுக்குப் பரம்பரை அடிமை போல் உழைக்கவேண்டிய கட்டாயம், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத நிலை எல்லாம் அதில் இருந்தன. கலெக்டருக்கு முன்பே இதைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. செங்கற்பட்டில் பணியாற்றிய ஸ்காட்லாந்து சுயாதீனச் சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் சபையின் வில்லியம் கௌடி ஆகிய பாதிரிமார்கள் அவர்களில் முக்கியமானவர்கள். தாம்பரத்துக்கும் தெற்கே சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மெல்ரோஸாபுரம் என்று ஒரு குடியேற்றம் இருக்கிறதே, அது ஆண்ட்ரூவின் முயற்சிதான். ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரின் பெயர் அப்படி ஒரு ‘புரம்’ சேர்த்துக்கொண்டு நம் ஊர்ப்பெயராகிவிட்டது. ட்ரெமென்ஹீர் அறிக்கையின் விளைவாக 1892-இல் ஒடுக்கப்பட்டோர்க்கு நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் வழக்காடிக்கொண்டிருப்பது அதைத்தான். 1893-இல் பஞ்சமர் கல்விக்குச் சலுகைகளும் மானியங்களும் தரும் ஆணை ஒன்றும் பிறந்தது.

வெளியிலிருந்து வந்த குரல்கள் மட்டுமே இவற்றுக்குக் காரணம் என்று நினைப்பது தவறு. 1891-இல் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைத் தொடங்கி நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் நிறைவேற்றினார். 1892-இல் சென்னை மகாஜன சபையின் கூட்டத்துக்குப் போய் மூன்று கோரிக்கைகளை வைத்தார். கோயிலுக்குள் நுழையும் உரிமை, நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி, தரிசு நிலம். கோயில் என்றதும் கூட்டம் கொதித்தது. படிப்பும் நிலமும் கேட்பதில் யாருக்கும் அத்தனை ஆட்சேபம் இல்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ஆக, ஆல்காட் பள்ளி திறந்தபோது சேரி வாய்மூடிக் காத்துக்கொண்டிருக்கவில்லை. நான்காம் வகுப்பு என்பது அவர்கள் கேட்ட ஆரம்பம். இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832-இல் பிறந்தவர். இளமையில் விவசாய விஞ்ஞானி, சோளவகைப் பயிர் ஒன்றைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவக் கொள்முதலில் நடந்த ஊழல்களை விசாரித்தவர். லிங்கன் கொலை வழக்கின் விசாரணையிலும் பங்கேற்றவர். பிறகு வழக்கறிஞர். 1875-இல் ப்ளவாட்ஸ்கி அம்மையாருடன் நியூ யார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கி, 1879-இல் பம்பாய் வந்து சேர்ந்தார். ப்ளவாட்ஸ்கியின் அற்புதங்களைப் பற்றி ஊர் சிரித்தபோதும் ஆல்காட்டை நிர்வாகி என்ற வகையில் யாரும் குறைசொல்லவில்லை. கணக்கு எழுதுவது, குழு அமைப்பது, நிதி திரட்டுவது, பயணம் போவது இவையெல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

அவருடைய திறமையின் முழு அளவையும் காண இலங்கைக்குப் போகவேண்டும். 1880 மே மாதம் காலியில் அவரும் ப்ளவாட்ஸ்கியும் பஞ்சசீலம் ஏற்றார்கள். 1881-இல் பௌத்த வினாவிடை நூலை எழுதி வெளியிட்டார். மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று பௌத்தக் கல்விக்கு நிதி திரட்டினார். 1886-இல் கொழும்பு புறக்கோட்டையில் தொடங்கிய சிறு ஆங்கிலப் பள்ளி ஆனந்தா கல்லூரியாயிற்று. அடுத்த ஆண்டு கண்டியில் தர்மராஜா, 1892-இல் காலியில் மகிந்தா. இலங்கையின் ஆட்சியாளர்களையும் அறிஞர்களையும் உருவாக்கிய நிறுவனங்கள் இவை. இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பள்ளிகளை நடத்திய சங்கத்தில் சிங்களப் பௌத்தர்களே இருந்தார்கள் என்பது. பணமும் பெருமளவு அவர்களுடையது. மிஷன் பள்ளிகளோடு போட்டி போடுவதுதான் நோக்கம் என்பதால், மிஷன் பள்ளி எதுவரை போனதோ அதுவரை இவையும் போகவேண்டியிருந்தது. எல்லை கட்டினால் தோல்வி.

அதே மனிதர், எட்டே ஆண்டுகள் கழித்து, அடையாற்றில் தம் வாசலுக்குப் பக்கத்தில் பள்ளி தொடங்கினார். அங்கே எல்லை கட்டினார்.

ஊரூர்ப் பள்ளிக்குப் பின் கோடம்பாக்கத்தில் ப்ளவாட்ஸ்கியின் நினைவாக ஒன்று, தேனாம்பேட்டையில் தாமோதர் பெயரில் ஒன்று, மயிலாப்பூரில் திருவள்ளுவர் பெயரில் ஒன்று, அன்னி பெசன்ட் பெயரில் ஒன்று என்று ஐந்தாயின. பெயர்களைப் பாருங்கள். தாமோதர் மாவலங்கர் சபையில் சேர்வதற்காகப் பிராமண சாதியையே உதறிய இளைஞர், 1885-இல் திபெத்தை நோக்கிப் போனவர். திருவள்ளுவர் ஏன் என்று தமிழ் வாசகர்க்கு விளக்கவேண்டியதில்லை. சேரியில் அவரைத் தம்மவராகக் கொண்டாடும் மரபு பழையது. பெயர் வைத்தவர்களுக்கு அந்த நுணுக்கம் தெரிந்திருந்தது.

பிரம்மஞான சபையின் முதல் குறிக்கோள் சாதி, இன, நிற பேதமற்ற உலக சகோதரத்துவம். ஆனால் சபையின் இந்திய உறுப்பினர்களில் பெரும்பாலோர் உயர்சாதியினர், அவர்களில் பலர் வழக்கறிஞர்கள், அரசு அதிகாரிகள். சாதிப் பழக்கங்களில் தலையிடுவதில்லை என்பது சபை கடைப்பிடித்த எச்சரிக்கை. ஆகவே ஆல்காட் இந்தப் பள்ளிகளைத் தம் சொந்தப் பொறுப்பில், தனி நிதியாக நடத்தினார். பணம் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று பல திசையிலிருந்தும் வந்தது. சபைப் பத்திரிகையில் கொடுத்தவர் பெயரும் தொகையும் ரூபாய், அணா, பைசா கணக்கில் அச்சாயின. அரசு மானியமும் சேர்ந்தது. சிறிய நிறுவனம்தான். ஒரு நன்கொடையாளர் மறந்துவிட்டால் ஒரு வாத்தியாரின் சம்பளம் தட்டும் என்கிற அளவிலான நிறுவனம். இந்தப் பணத்தைக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அடையாற்றை வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார்கள்.

நடத்தியவர்கள் யார்? கர்னலின் பெயர்தான் பள்ளிகளில் இருக்கிறது, அன்றாட வேலை பெண்களுடையது. ஸாரா பாமர் என்ற அமெரிக்கப் பெண்மணி மேற்பார்வையாளராக இருந்தார். முறையாக ஆசிரியப் பயிற்சி பெற்றவர். அவருக்குத் துணையாக வந்த கோர்ட்ரைட் அம்மையார், பறையர் பிள்ளைகளுக்குத் தாங்கள் எப்படிக் கற்பிக்கிறோம் என்பதை விவரித்து 1906-இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஆல்காட்டுக்குப் பின் கோஃபெல் அம்மையார் பொறுப்பேற்றார். இவர்கள் கொண்டுவந்தது கிண்டர்கார்ட்டன் முறை. பொருள்களைத் தொட்டு, எண்ணி, அடுக்கி, விளையாடிக் கற்பது. திண்ணைப் பள்ளியின் பிரம்படியும் உருப்போடுதலும் மட்டுமே கல்வி என்றிருந்த காலத்தில், பட்டணத்தின் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட எளிதில் வாய்க்காத ஒரு முறை ஊரூர்ச் சேரிக்கு வந்துசேர்ந்தது. 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி அடையாற்றுக்கு வந்து அங்கே ஆசிரியப் பயிற்சி வகுப்புகள் நடத்தியதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்கு முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே அதே மணலில் அதைப் போன்ற ஒரு முயற்சி நடந்திருக்கிறது. அதை எழுதுவாரில்லை.

அந்தப் பெண்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. சென்னை வெயிலில், காலராவும் அம்மையும் ஆண்டுதோறும் வந்துபோன சேரிகளுக்குள், தம் நாட்டில் கிடைத்திருக்கக்கூடிய சுகமான உத்தியோகத்தை விட்டுவிட்டு வந்து வேலை செய்தார்கள். மதம் மாற்றும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. அன்றைய நிலையில் அது பெரிய விஷயம்.

ஆனால் பாடத்திட்டத்தைப் பாருங்கள். தமிழ் எழுத்தும் வாசிப்பும், கணக்கு, பேசுமளவு ஆங்கிலம், சுகாதாரம், சமையல். தொடக்கக் கல்வி, அதற்கு மேல் இல்லை. 1902-இல் ‘ஏழைப் பறையன்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆல்காட் ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல், இந்தப் பள்ளிகளின் தேவையை வெளிநாட்டு வாசகர்க்கு எடுத்துரைப்பது. அந்த மக்களின் பழம்பெருமையையும் இன்றைய அவலத்தையும் உருக்கமாகவே சொன்னவர்தான் அவர். இருந்தும் பள்ளிகள் தந்தது, பிள்ளைகள் பெற்றோரைவிடக் கொஞ்சம் நல்ல வேலைக்கு, குறிப்பாக ஐரோப்பியர் வீட்டு வேலைக்குத் தகுதி பெறுமளவு கல்வி.

ஆல்காட்டின் பக்கம் நின்றும் வாதாடலாம். பணம் குறைவு. பத்துப் பிள்ளைகளை மெட்ரிகுலேஷன் வரை கொண்டுபோவதா, நூறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பதா என்று கேட்டால் இரண்டாவதைத் தேர்வது குற்றமில்லை. படித்த பறையனுக்குக் குமாஸ்தா வேலை கொடுக்க அன்றைய அலுவலகங்களின் உயர்சாதித் தலைமைக் குமாஸ்தாக்கள் முன்வந்திருக்கவும் மாட்டார்கள். இதெல்லாம் உண்மை. ஆனாலும் இலங்கையில் மாட்டுவண்டியில் போய்ப் பணம் திரட்டியவரின் கற்பனை, தம் வீட்டு மதிலுக்கு அப்பால் வரும்போது ஏன் சமையலறை வாசலில் நின்றது என்ற கேள்வி போய்விடவில்லை. எனக்குத் தோன்றுகிற விடை இது. இலங்கையில் பள்ளிக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். கொழும்பு வணிகன் தன் மகன் பாரிஸ்டர் ஆகவேண்டும் என்று நினைத்தான், அதை ஆல்காட்டிடம் சொல்லவும் செய்தான். ஊரூரில் பிள்ளைகளின் தந்தைமாரை யாரும் கேட்கவில்லை. கொடுப்பவனும் நடத்துபவனும் ஒரே பக்கம் இருந்தார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கிறிஸ்தவக் கல்லூரி உதவும். அதுவும் கடல் கடந்த தர்மம்தான், அளவில் பெரியது. 1837-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளி அதன் வித்து. 1838-இல் சேரிப்பிள்ளைகள் சிலர் அங்கே படிப்பது தெரியவந்தபோது உயர்சாதி மாணவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஆண்டர்சன் அப்பிள்ளைகளை நீக்க மறுத்துவிட்டார். பின்னர் 1862-இல் வந்த வில்லியம் மில்லர் காலத்தில் கல்லூரி உயர்சாதி அறிவாளர்களைக் கவர்வதில் முனைந்தது. மேலே ஊற்றினால் கீழே கசியும் என்ற நம்பிக்கை. 1937-இல் கல்லூரி பாரிமுனையை விட்டுத் தாம்பரத்துக் காட்டுக்கு வந்தது. மில்லரின் கல்லூரியில் எல்லை இல்லை, ஆனால் வாசல் குறுகல். ஆல்காட்டின் பள்ளியில் வாசல் அகலம், உள்ளே போனால் சுவர். இரண்டில் எது மேல் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் ஒன்று உண்டு. பரங்கிமலையில் 1883-இல் பிறந்த எம்.சி. ராஜா, ராயப்பேட்டை வெஸ்லியன் பள்ளியிலும் கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, ஆசிரியராகி, சட்டமன்றத்துக்குப் போனார். குறுகிய வாசலில் நுழைந்த ஒருவர்.

அயோத்திதாசர் கதை வேறு. பறையர்கள் ஆதியில் பௌத்தர்கள் என்ற கருத்தோடு அவரும் தோழர்களும் ஆல்காட்டை அணுகினார்கள். 1898-இல் ஆல்காட் அவரையும், ஆசிரியப்பணி செய்துவந்த பி. கிருஷ்ணசாமியாரையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் இருவரும் பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பிவந்து ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. பள்ளிக்கூடம் நடத்துபவர், படிப்புச் சொல்லித்தருபவர், படிப்பின் எல்லையைப் பற்றி வேறு கருத்துள்ளவர் மூவரும் ஒரே கப்பலில் போயிருக்கிறார்கள்! என்ன பேசிக்கொண்டார்களோ. அயோத்திதாசர் அதற்குப் பின் ஆல்காட்டின் நிழலில் நிற்கவில்லை. ஆல்காட் இறந்த அதே 1907-இல், ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வெளிவந்தது. வரலாறு, இலக்கணம், வைத்தியம், அரசியல் எல்லாவற்றையும் வாரந்தோறும் அச்சிட்டு ஒரு பைசாவுக்கு விற்றார். நான்காம் வகுப்பு மட்டும் படித்தவனும் வாங்கிப் படிக்கலாம். அப்படி வாங்கியவர்களில் ஆல்காட் பள்ளியில் எழுத்துக் கூட்டக் கற்றவர்கள் சிலராவது இருந்திருப்பார்கள் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

சபையின் தலைமை அன்னி பெசன்ட் கைக்குப் போனது. 1909 பிப்ரவரியில் சென்னையிலிருந்து வந்த ‘இந்தியன் ரெவ்யூ’ இதழில் ஒடுக்கப்பட்டோர் முன்னேற்றம் குறித்து அவர் எழுதினார். அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் தேவை சுத்தமும் நடத்தையும் ஆரம்பப் படிப்பும்தான். தலைமுறை தலைமுறையாக உண்ட உணவால் அவர்கள் உடலே மாறுபட்டிருக்கிறது. ஆகவே நல்ல குடும்பத்துப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் நெருங்கி உட்காரவைப்பது சரியல்ல என்பது அதன் சாரம். உலக சகோதரத்துவம் பேசிய சபையின் தலைவர், அத்தகைய பிள்ளைகளின் பள்ளிகளுக்கு அருகிலேயே வாழ்ந்தவர் எழுதியது இது. 1917-இல் அவர் தலைமை தாங்கிய கல்கத்தா காங்கிரஸில்தான் ஒடுக்கப்பட்ட வகுப்பாரின் மீதான தடைகளை நீக்கவேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் அம்பேத்கர் மறக்கவில்லை. காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று கேட்டு 1945-இல் வெளியிட்ட நூலில் அந்தத் தீர்மானத்தைக் குறிப்பிட்டு, பெசன்ட்டின் பழைய கட்டுரையை நீளமாக எடுத்துப் போட்டிருக்கிறார்.

பெசன்ட்டின் கட்டுரையைப் படித்துவிட்டு ஊரூர்ப் பாடத்திட்டத்துக்குத் திரும்பினால், சுகாதாரப் பாடத்தின் சாயலே மாறிவிடுகிறது. பாமரும் கோர்ட்ரைட்டும் அதைக் குழந்தையின் நலனுக்காகச் சொல்லித்தந்திருக்கலாம், அப்படித்தான் செய்திருப்பார்கள். ஆனால் மேலே இருந்து பார்க்கிறவருக்கு அது தகுதித் தேர்வு. எப்போது தேறுவான், யார் மதிப்பெண் போடுவார் என்று எங்கும் எழுதப்படாத தேர்வு.

எல்லையை உடைத்தவர்கள் வெளியிலிருந்து வந்தார்கள். 1922-இல் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில், அரசு ஆவணங்களில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களை நீக்கி ஆதிதிராவிடர் என்று வழங்கவேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்து வென்றார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் கட்டடம் எல்லாவற்றிலும் நுழையும் உரிமைக்கான முயற்சிகள் அதையடுத்து அதே மன்றத்தில் வந்தன. தனிப்பள்ளி வேண்டுமா, பொதுப்பள்ளியில் இடம் வேண்டுமா என்ற கேள்விக்குச் சேரியிலிருந்து வந்தவர்களே பதில் சொல்லத் தொடங்கியபின், அந்தப் பதிலுக்காக அடையாற்றைப் பார்க்கவேண்டிய அவசியம் குறைந்தது. ஐந்து பள்ளிகளில் சபையின் கையில் காலப்போக்கில் ஊரூர்ப் பள்ளி மட்டும் நின்றது.

அது இப்போதும் பெசன்ட் நகரில் இருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடிகள், காப்பிக் கடைகள். பள்ளியில் கட்டணம் இல்லை, சீருடைக்கும் சாப்பாட்டுக்கும் வெளியிலிருந்து நன்கொடை வருகிறது. பிள்ளைகள் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம், இன்னும் தெற்கேயுள்ள குடியிருப்புகளிலிருந்து வருகிறார்கள். பெயர்ப்பலகையில் பஞ்சமர் என்ற சொல் இல்லை. ஆல்காட் நினைவு மேல்நிலைப் பள்ளி என்று எழுதியிருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு வரை உண்டு.